வாசலுக்கு வந்த மயில்கள்

அவிநாசிக்குப் பக்கத்தில் தோட்டத்து வீட்டில் தனியாக இருக்கிறேன். பக்கத்து ஸ்பின்னிங் மில்லில் வேலை. மனைவியும் நானும் பிரிந்த பிறகு மகள் அவளோடு பெங்களூரில் இருந்து படிக்கிறாள். இந்த வீட்டில் என்னைத் தவிர மூச்சு விடுகிறவை பல்லிகள் மட்டும்தான் என்று இருந்தபோது, ஒருநாள் காலையில் ஒரு பெட்டைமயில் வாசலில் வந்து நின்றது. முருகன் வாகனம் வீடு தேடி வந்தால் எங்கள் பக்கத்தில் யாரும் வெறுங்கையோடு அனுப்ப மாட்டோம். ஒரு கை கம்பு போட்டேன். மறுநாள் அது தன் சொந்தபந்தத்தையெல்லாம் கூட்டிக்கொண்டு வந்துவிட்டது.

மயிலை அழகு என்று கொண்டாடுகிறவர்கள் விடியற்காலையில் அதன் குரலைக் கேட்டிருக்க மாட்டார்கள். காது கிழியும். ஆனால் அவை வந்த பிறகுதான் மகள் என்னோடு பேச ஆரம்பித்தாள். அதுவரை ஞாயிற்றுக்கிழமை போனில் "சாப்பிட்டயா கண்ணு", "சாப்பிட்டேன்ப்பா" என்பதோடு சரி. மயில்கள் வந்ததும் வீடியோ காலில் அரைமணி நேரம் போவதே தெரியவில்லை. ஒவ்வொன்றுக்கும் பெயர் வைத்தாள். நொண்டி நடக்கும் மயிலுக்கு முதலில் போடச் சொல்லி அதட்டினாள். வாரம் முழுக்க அந்த அரைமணி நேரத்துக்காகத்தான் நான் உயிரோடு இருந்தேன் என்று சொன்னால் மிகையில்லை.

ஒரு திங்கட்கிழமை பக்கத்துத் தோட்டத்துக்காரர் வந்தார். என் அப்பா வயது. தோட்டத்தைச் சுற்றிப் பழைய சேலைகளைக் கட்டி வைத்தும், விதைத்த கடலைக்காயை மயில்கள் நோண்டித் தின்றுவிட்டன. அது இரண்டாவது விதைப்பு.

"ஏனுங்க தம்பி, உங்க வாசல்ல காலை டிபன், எங்க காட்டுல மத்தியானச் சாப்பாடுங்களா?"

"முருகன் வாகனமுங்க, எப்படீங்க தொரத்தறது?" என்றேன்.

"எனக்கும் அவன்தான் சாமி. அதனாலதான் கல்லெடுத்து வீசாம உங்ககிட்ட வந்து நிக்கறேன். தீனி போடறத மட்டும் நிறுத்திப்போடுங்க, போதும்."

அவர் போன பிறகு வேலியோரம் நடந்தேன். முன்பு ஓடைக்கரையில் நரிகள் இருந்தன. மயிலின் முட்டையையும் குஞ்சையும் அவை தின்றதால், மயில் கூட்டம் அளவோடு இருந்தது. ஓடையை மேடாக்கி மனை போட்டார்கள். நாங்களும் எங்கள் பங்குக்குக் அடர்ந்த கிளுவைச்செடி வேலியை வெட்டிவிட்டுக் கம்பி கட்டினோம். நரிக்கு ஒதுங்க இடமில்லை, போய்விட்டது. மயிலுக்குக் கேட்பாரில்லை, பெருகிவிட்டது. அதற்குமேல் நானும் கம்பு போட்டுச் சீராட்டினேன். ஓணான் குதித்தோடும் வேலியில் அன்று ஒரு ஓணானைக்கூடக் காணவில்லை. எல்லாம் மயிலின் வயிற்றுக்குள் போயிருக்கும். எரிச்சலாக இருந்தது. யார்மேல் என்றுதான் தெரியவில்லை.

மறுநாள் கம்பு போடவில்லை. மயில்கள் வந்து வெறும் தரையைக் கொத்தின. நொண்டி மயில் படிவரை ஏறிவந்து பார்த்தது. நான் கதவைச் சாத்திக்கொண்டு உள்ளேயே உட்கார்ந்திருந்தேன். இரண்டு மூன்று நாள் அப்படி வந்தன. அதன்பிறகு வரவில்லை. பக்கத்துத் தோட்டத்தில் மூன்றாவது முறையாக விதைத்தார்கள்.

ஞாயிற்றுக்கிழமை மகள் கூப்பிட்டாள். எடுத்தவுடன் கேமராவை வாசல் பக்கம் திருப்பச் சொன்னாள். திருப்பினேன்.

"எங்கப்பா ஒண்ணையுமே காணோம்?"

"இன்னைக்கு வரலை கண்ணு." பக்கத்துத் தோட்டத்துக் கடலைக்காயைப் பற்றிச் சொல்ல ஆரம்பித்தேன். நரியைப் பற்றியும் சொன்னேன். அவள் கண் வேறு எங்கோ போய்விட்டது. அவள் வீட்டில் டிவி ஓடும் சத்தம் கேட்டது. கேமராவை என் முகத்துக்குத் திருப்பினேன்.

"பள்ளிக்கூடம் எப்படிப் போகுது அம்மணி?"

"நல்லா போகுதுப்பா." பிறகு ரொம்பப் பிரியமாகத்தான் சொன்னாள்.

"மயில் வந்தா கூப்பிடுங்கப்பா."