சித்தப்பாவை ஒருக்களித்துப் படுக்கவைத்த நாள்

என் மகளுக்கு லேசாக உடம்பு சுட்டாலே தெர்மாமீட்டரை இரண்டு முறை வைத்துப் பார்ப்பவள் நான். ஆனால் பதினொரு வயதில் எனக்கு எதிலும் சந்தேகம் வந்ததில்லை. அப்போது பள்ளியில் சனிக்கிழமைதோறும் முதலுதவி வகுப்பு நடந்தது. வீட்டுக்கு வந்து தம்பியின் கைகால்களுக்குக் கட்டுப்போட்டுப் பழகுவேன். அவிழ்க்கத் தெரியாமல் அவன் அழுவான்.

அந்த ஆண்டுதான் சித்தப்பாவுக்குப் பெண் பார்க்க டத்தோ கிராமாட் வட்டாரத்தில் ஒரு வீட்டுக்குப் போனோம். நாங்கள் பார்க்கப் போயிருந்த அக்காவே தேநீர் கொண்டுவந்து வைத்தார். கோப்பையை எடுத்த சித்தப்பாவின் கை வெட்டி இழுத்தது. நாற்காலியிலிருந்து சரிந்து விழுந்தார். வலிப்பு.

"சாவி! இரும்புச் சாவி குடுங்கலா!" என்று அப்பா கத்தினார். பெண்ணின் அப்பா சாவிக்கொத்தோடு ஓடிவந்தார். யாரோ பல்லுக்கிடையில் வைக்கக் கரண்டி கொண்டுவந்தார்கள்.

"வாயில ஒண்ணும் வைக்காதீங்க! கைய அமுக்காதீங்க!" என்றேன். மேசையை நகர்த்தச் சொன்னேன். அந்த அக்கா எடுத்துக் கொடுத்த சோபா தலையணையைச் சித்தப்பாவின் தலைக்கடியில் வைத்தேன். உதறல் நின்றதும் அவரை ஒருக்களித்துப் புரட்டினேன். மூச்சு சீராக வந்தது.

பெண்ணின் அம்மா மெதுவாகக் கேட்டார்: "மாப்பிள்ளைக்கு முன்னாடி இப்படி வந்திருக்கா?"

"சேச்சே, காலையில பசியாறலைங்க, வெயில் வேற," என்றார் அப்பா.

"தீபாவளிக்கும் வந்துச்சே, ஆன்ட்டி. பயப்படாதீங்க, தானா நின்னுடும்," என்று நான் தைரியம் சொன்னேன். இன்றைக்கு என்றால் நாலு முறை யோசித்து அந்த வாக்கியத்தை விழுங்கியிருப்பேன்.

அம்மா என் தொடையைக் கிள்ளினார். இவ்வளவு நன்றாகச் செய்தவளை எதற்குக் கிள்ளுகிறார் என்று எனக்குக் கோபம்.

சித்தப்பா அசதியில் உறங்கிப்போனார். அந்த அக்கா என்னைச் சமையலறைக்குக் கூட்டிப்போனார்.

"எப்படிப் புரட்டின? காட்டு."

தரையில் படுத்துக்கொண்டு சொல்லிக்கொடுத்தேன். என் முழங்காலை மடக்கி, தோளைப் பிடித்து, அழகாகப் புரட்டினார்.

"சரியா செஞ்சீங்கக்கா."

"இன்னொரு தடவை படு. உடம்பைத் தொங்கவிட்டு நல்லா கனமா இருலா. வீட்டுல நான் மட்டும் இருந்தா என்ன செய்றது?"

முடிந்தவரை கனமாகக் கிடந்தேன். முதல் தடவையே சரியாக வந்ததை ஏன் திரும்பச் செய்கிறார் என்று விளங்கவில்லை. ஆண்டு முடிவதற்குள் அவரைச் சித்தி என்று கூப்பிடத் தொடங்கிவிட்டேன். அப்போதும்கூட, பாவம், அவருக்குப் பாடம் கொஞ்சம் மெதுவாகத்தான் ஏறும் என்றே நினைத்துக்கொண்டிருந்தேன்.