தாளமில்லாத இருபது நிமிடம்

என் மகளின் கல்யாணத்தில் கெட்டி மேளம் வாசிக்கச் சொன்னது நான்தான். ஆறு வருடமாக இதை ஊராரிடம் வேறு விதமாகச் சொல்லி வந்தேன். இப்போது உள்ளபடி எழுதுகிறேன்.

அவளுக்குச் சிறு வயதிலிருந்தே சத்தம் ஆகாது. குக்கர் விசிலடிக்கும் முன்பே அறைக்குள் ஓடிவிடுவாள். சிராங்கூன் சாலைக் கோயிலில் தீபாராதனையின்போது மணியும் மேளமும் சேர்ந்து எழும். காதைப் பொத்திக்கொண்டு நிற்பவளின் கைகளை நான் பிடித்து இழுத்து இறக்கியிருக்கிறேன். "சாமி முன்னால காதைப் பொத்துவியா?" நான் கணித ஆசிரியனாக இருந்தவன். பள்ளியில் இதே தொல்லை இருந்த ஒரு மாணவிக்காகக் கடிதங்கள் எழுதி, தேர்வெழுதத் தனி அறை வாங்கிக் கொடுத்தேன். வீட்டில் மட்டும் அதற்குப் பிடிவாதம் என்று பெயர்.

வேலைக்குப் போன பிறகு அவளே ஒரு காது மருத்துவரிடம் போனாள். காது நன்றாகவே கேட்கிறது, தாங்கும் அளவுதான் மற்றவர்களைவிடக் குறைவு என்று அவர் சொன்னாராம். அன்றிலிருந்து எம்ஆர்டி ரயிலில் காதடைப்பான் போட்டுக்கொண்டுதான் ஜூரோங்குக்கு வேலைக்குப் போய்வந்தாள். அதற்குள் என் மனைவி இறந்திருந்தாள். அவள் இருந்திருந்தால் பின்னால் நடந்தது நடந்திருக்காது.

கல்யாணம் நிச்சயமானதும் மகள் ஒன்றே ஒன்று கேட்டாள். "அப்பா, மாப்பிள்ளை அழைப்புக்கு வாசல்ல மேளம் இருக்கட்டும். நான் ரூம்ல கதவைச் சாத்திக்கிறேன். மேடையில மட்டும் வேணாம். தாலி கட்டுறப்போ நீங்களே ஏதாவது மெல்லிசா செலக்ட் பண்ணிக் குடுங்க."

மாப்பிள்ளை வீட்டில் உங்கள் இஷ்டம் என்றுவிட்டார்கள். நான் வாக்குக் கொடுத்தேன்.

இரண்டு மாதம், ஒவ்வொரு ஞாயிறு மதியமும், புக்கிட் பாத்தோக் வீட்டுச் சாப்பாட்டு மேசையில் சின்ன ஒலிபெருக்கியை வைத்துக்கொண்டு உட்கார்ந்தோம். சங்கீதம் கேட்டுப் பழகியவன் என்ற மிதப்பு எனக்கு இருந்தது. முதல் வாரம் புல்லாங்குழல் வைத்தேன். மேல் ஸ்தாயி போனதும் முகம் சுளித்தாள். வீணை மென்மையானதாயிற்றே என்றேன். "ஒவ்வொரு மீட்டலும் யாரோ சுண்டி விடுற மாதிரி இருக்குப்பா" என்றாள். சத்தத்தைக் குறைத்தேன்.

"குறைச்சு வைக்கிறது வேற, மெல்லிசா இருக்கிறது வேற லா. சத்தம் திடீர்னு வருது பாருங்க, அதுதான் வலிக்குது."

எனக்கு அறுபத்தெட்டு வயதில் புரிந்தது. அதன் பிறகு வேறு விதமாகத் தேடினேன். மிருதங்கம் சேரும் இடத்தை வெட்டினேன். கச்சேரிப் பதிவுகளில் கடைசியில் வரும் கைதட்டலை வெட்டினேன். ஒன்றில் பாடகர் நடுவே கனைத்தார், அதையும் வெட்டினேன். கடைசியில் ஒருவர் தாழ்ந்த சுருதியில் பாடிய சகானா ராக ஆலாபனை கிடைத்தது. தாளமே இல்லை. இருபது நிமிடம். அதை நான்கு முறை கேட்டாள். எங்கே ஏறும், எங்கே இறங்கும் என்று தெரிந்துவிட்டால் பயமில்லை என்றாள். நான்காம் முறை கண்ணை மூடிச் சாய்ந்தவள் தூங்கியே போனாள். நான் இருக்கும் அறையில், ஒரு சத்தம் ஓடிக்கொண்டிருக்கும்போது அவள் தூங்கியதை நான் அதற்கு முன் பார்த்ததில்லை.

கல்யாணத்தன்று மணப்பெண் அறைக்குப் போனபோது காதடைப்பான்களைக் கழற்றி என் உள்ளங்கையில் வைத்தாள்.

"வச்சுக்கோங்க. மந்திரம் கேக்கணும். பாட்டுதான் எனக்குத் தெரியுமே."

மனைவியை இழந்தவன் தாரைவார்க்க மணையில் உட்காரும் வழக்கம் எங்களில் இல்லை. என் அக்காவும் அத்தானும் உட்கார்ந்தார்கள். நான் மேடையோரம் நின்றேன். பக்கத்திலேயே நாதசுரக்காரரும் தவில்காரரும் வேலை முடிந்தவர்களாகச் சும்மா உட்கார்ந்திருந்தார்கள். ஆலாபனை ஓடிக்கொண்டிருந்தது. மகள் முகத்தில் கலக்கமில்லை.

தாரைவார்த்ததும் அக்கா எழுந்து, தாலித் தட்டைப் பெரியவர்களிடம் ஆசி வாங்க எடுத்து வந்தாள். என்னிடம் வந்தபோது நின்றாள்.

"என்னடா இது, சாவு வீடு மாதிரி? எவனாவது தும்மித் தொலைச்சா? அவ அம்மா போன மாதிரி இவளுக்கும் ஏதாவது ஆச்சுன்னா ஊரு உன்னைத்தான் கேக்கும்."

"அவ வேணாம்னு சொன்னாக்கா."

"அவ சின்னப் புள்ள. நீ யாரு? ரெண்டு நிமிஷம். செத்தா போயிருவா?"

பின்வரிசையில் யாரோ சிரித்தார்கள். எதற்குச் சிரித்தார்களோ, என்னைப் பார்த்துத்தான் என்று எனக்குத் தோன்றியது. புரோகிதர் தாலியை மாப்பிள்ளை கையில் கொடுத்தார். தவில்காரர் என்னைப் பார்த்தார். வேண்டாமென்று அவரிடம் முன்கூட்டியே சொல்லி வைத்தவன் நான்தான். வாசிக்கட்டுமா என்று கண்ணால் கேட்டார்.

நான் தலையசைத்தேன்.

கெட்டி மேளம் எழுந்ததும் மகள் இரண்டு கைகளாலும் காதைப் பொத்திக்கொண்டு முன்பக்கமாக மடங்கிவிட்டாள். மாப்பிள்ளைக்கு முடிச்சுப் போடக் கழுத்து எட்டவில்லை. பொண்ணு வெட்கப்படுது என்று யாரோ சொன்னார்கள். அடைப்பான்கள் என் சட்டைப் பையில் இருந்தன.

அன்று மாலை அவளிடம் சொன்னேன். "தவில்காரர் பழக்கத்துல வாசிச்சிட்டாரும்மா." மருமகன் கொதித்துப் போய் அந்த மனிதருக்குப் போன் போட்டு என் எதிரிலேயே திட்டினார். போன் ஒலிபெருக்கியில் தவில்காரர் குரல் கேட்டது. "தப்பு எங்க மேலதான் சார். மன்னிச்சுக்கங்க." நான் தேநீர் குடித்துக்கொண்டிருந்தேன்.

அவள் காதுக்குள் இரைச்சல் நிற்கப் பல மாதமானது. வேலையை விட்டாள். புக்கிட் மேராவில் அவர்கள் வாங்கிய வீட்டுக்கு நான் போனால் மரியாதையாகச் சாப்பாடு போடுவாள். ஆனால் நான் சொல்வது எதையும் நம்பி அவள் ஒரு காரியம் செய்ததில்லை. சனிக்கிழமை வருகிறேன் என்றால்கூட, சனிக்கிழமை காலையில் போன் செய்து, "வர்றீங்களா?" என்று உறுதி செய்துகொள்வாள். அதைத் தாங்க முடியாமல்தான் போன வருடம் உண்மையைச் சொன்னேன்.

துணி மடித்துக்கொண்டிருந்தவள் நிறுத்தவில்லை. "தெரியும்ப்பா. வீடியோவுல இருக்கு."

"எப்ப பார்த்தே?"

"கல்யாணமாகி மூணாவது வாரம்."

"ஏம்மா கேக்கல?"

"நீங்களா சொல்வீங்கன்னு ஒரு வருஷம் பார்த்தேன். அப்புறம் விட்டுட்டேன்." ஒரு சட்டையை உதறினாள். "அந்தத் தவில்காரர்கிட்ட சொல்லிட்டீங்களா?"

இல்லை என்றேன்.

"அவரைத்தானே நாங்க திட்டுனோம். அங்க போகாம இங்க எதுக்கு வந்தீங்க?"

மறுநாளே லிட்டில் இந்தியாவுக்குப் போய் விசாரித்தேன். வேலை பர்மிட் முடிந்து அவர் ஊர் திரும்பிவிட்டதாக இன்னொரு தவில்காரர் சொன்னார். கும்பகோணம் பக்கம் என்றார் ஒருவர், திருவாரூர் பக்கம் என்றார் மற்றொருவர். பழைய எண் வேலை செய்யவில்லை. தேடிக்கொண்டிருக்கிறேன் என்று மகளிடம் சொன்னேன். சரி என்றாள்.

நான்கு மாதம் தேடினேன். பிறகு நிறுத்திவிட்டேன். கிடைத்தாரா என்று அவள் கேட்டால் தேடுவதை நிறுத்தியதைச் சொல்லிவிட வேண்டும் என்றுதான் ஒவ்வொரு முறையும் போகிறேன். அவள் கேட்பதில்லை. நானாகச் சொன்னதும் இல்லை.