உழவர்கரைச் சுவர்

முப்பத்தெட்டு வருடமாக ஊர் வீடுகளுக்குப் பெயின்ட் அடித்த உழவர்கரை பிரகாசத்துக்கு, எந்தக் கட்டடத்துக்குள் நுழைந்தாலும் கண் முதலில் சுவரில்தான் போய் நிற்கும். மனிதர்கள் அப்புறம்தான். அந்தக் கண்ணும், அதற்குத் தோதாக வாய்த்த வாயும் சேர்ந்துதான் பெற்ற மகளை அவரிடமிருந்து பிரித்தன.

லினெட் ஓவியக் கல்லூரியில் படித்து முடித்த வருடம், கண்காட்சிக்கு அப்பாவை ஆசையாகக் கூட்டிப்போனாள். அவள் படத்தின் முன்னால் நின்று, வாத்தியார்கள் காது கேட்க, "இதுக்கா நாலு வருஷம்? மிச்சமான பெயின்ட்டக் கொட்டி உட்டா நானே செய்வனே" என்றார். விளையாட்டாகத்தான் சொன்னேன் என்று இன்றுவரை தனக்குத்தானே சொல்லிக்கொள்கிறார். அவள் முகம் செத்துப்போனதை அவரும் பார்த்தார்தானே. அம்மா ஃபாத்திமா இருந்தவரை அவள் மூலமாக ஏதோ பேச்சு ஓடிக்கொண்டிருந்தது. நான்கு வருடத்துக்கு முன் அம்மாவை அடக்கம் செய்துவிட்டு, மூன்று நாள் இருந்து, பாரீசுக்குப் போனவள்தான். கிறிஸ்துமசுக்கு ஒரு போன். அவ்வளவுதான்.

இப்போது ஊருக்கு வந்து பத்து நாளாகிறதாம். அதுவும் பூசை முடிந்து வரும்போது யாரோ சொல்லித்தான் தெரிந்தது. கடற்கரைப் பக்கம் ஒரு கேலரியில உங்க பொண்ணு படம் வச்சிருக்காமே என்றார்கள். தெரிந்தவர்போல் தலையாட்டிவிட்டு வந்த பிரகாசம் அன்று சாப்பிடவில்லை.

மறுநாள் சலவைச் சட்டை போட்டுக்கொண்டு போனார். எதைப் பார்த்தாலும் "நல்லாருக்கும்மா" என்று சொல்லிவிடுவது என்று முடிவு. வழியெல்லாம் சொல்லிப் பார்த்துக்கொண்டார்.

முதல் கூடத்தில் யார் யாரோ வைத்தவை. துருப்பிடித்த கம்பிச் சுருள் ஒன்று, தலைகீழாகத் தொங்கும் நாற்காலி ஒன்று. பழைய இரும்புக் கடைக்காரன் பார்த்தால் எடை போட்டிருப்பான். வாய்வரை வந்ததை விழுங்கிக்கொண்டு அடுத்த அறைக்குப் போனார். அங்கே ஒன்றுமே இல்லை, பாதி பெயின்ட் அடித்த சுவரைத் தவிர. அதற்குமேல் அவரால் அடக்க முடியவில்லை.

"என்னா தம்பி, வேல பாதியில நிக்குது? பட்டி பாக்காமயே ஒரு கோட் அடிச்சிட்டு ஓடிட்டானா?" என்று காவலுக்கு நின்ற தெய்வசிகாமணியிடம் கேட்டபடி, காய்ந்துவிட்டதா என்று பார்க்கப் புறங்கையை நீட்டினார்.

தெய்வசிகாமணி ஓடிவந்தார். "தொடாதீங்கண்ணே. அதான் படம்."

பக்கத்தில் ஒட்டியிருந்த அட்டையில், 'சுவர், உழவர்கரை. லினெட் பிரகாசம்.'

மறுபடியும் சொல்லிவிட்டோமே என்று நீட்டிய கையை இழுத்துக்கொண்டார். பிறகுதான் உற்றுப் பார்த்தார். தரையிலிருந்து கூரைவரை துணி இழுத்துக் கட்டி வரைந்தது. மேலிருந்து இறங்கிய வெளிர்பச்சை இடுப்பு உயரத்தில் நின்றுவிட்டது. கீழே பழைய மஞ்சள். ஓரத்தில், ஈரத்தில் ஊன்றி வழுக்கிய நாலு விரல் தடம்.

அது அவர் கை. ஃபாத்திமா ஆஸ்பத்திரியிலிருந்து வருகிறாள் என்று அவசர அவசரமாக அவள் அறைக்குப் பச்சை அடித்துக்கொண்டிருந்தபோதுதான், அவள் இனி வரமாட்டாள் என்று போன் வந்தது. சுவரைப் பிடித்துக்கொண்டு நின்றார். அப்புறம் அந்தச் சுவரில் அவர் கை வைக்கவே இல்லை.

மூன்றே நாள் இருந்த பெண் அதைப் பார்த்திருக்கிறாள். கடல் கடந்து கொண்டுபோய் விரல் விரலாக வரைந்திருக்கிறாள். இதைப் படம் என்று ஒப்புக்கொள்ள அவருக்கு இப்போதும் மனம் வரவில்லை. சுவரைப் பார்க்க வீட்டில் சுவர் இல்லையா? ஆனால் மகளைப் பார்க்க வேண்டும் என்றிருந்தது. இந்த நிமிடமே பார்க்க வேண்டும் என்றிருந்தது.

"அந்தப் பொண்ணு சாயங்காலம் வரும்ண்ணே. உக்காருங்க."

"வேணாம்ப்பா. என் வாய் சும்மா இருக்காது."

"அப்ப நோட்டுல எழுதிட்டுப் போங்க. தெனம் வந்து அதத்தான் மொதல்ல படிக்கும்."

நோட்டில் பிரெஞ்சும் இங்கிலீஷுமாகப் பக்கம் பக்கமாக எழுதியிருந்தார்கள். கருத்து எழுதும் இடத்தைத் தாண்டி, முகவரி என்று போட்டிருந்த இடத்தில் பிரகாசம் பேனாவை வைத்தார். "உழவர்கரை. மாதா கோயில் தாண்டி, தண்ணி டேங்க் பக்கத்து சந்து. இடது கைப்பக்கம் மூணாவது வீடு. எந்நேரமும் ஆள் இருக்கும்."

அது லினெட் பிறந்து வளர்ந்த வீடு.