ஒரு வயல் தள்ளிப்போன குழி

வெள்ளைக்காரன் காலத்து நில அளவைத் தாள் ஒன்றை இன்றைய செயற்கைக்கோள் படத்தின்மேல் பொருத்திப் பார்ப்பதுதான் அந்த மாதம் முழுக்க என் வேலை. ஆரணியில், விசைத்தறிச் சத்தத்துக்கு நடுவில். ஜவ்வாது மலையடிவாரத்தில் இரும்புக்கல் தோண்டிய குழிகளை அதில் கறுப்புப் புள்ளிகளாகக் குறித்திருந்தார்கள். யாரும் கேட்காத வேலை. பிடித்திருந்தது, செய்தேன்.

பிறகு ஒருவர் கேட்டார். படவேட்டுப் பக்கம் வாழ்க்கைப்பட்ட என் நண்பனின் அக்கா. கிணறு வெட்டப்போகிறார். பழைய குழியைத் தூர்த்த இடமாக இருந்தால் மண் சரிந்து ஆள்மேல் விழும் என்று பயம். போனிலேயே பதில் சொன்னேன்.

"குழி பக்கத்துக் கொல்லைல இருக்குதுக்கா. தாராளமா வெட்டுங்க."

நாலு நாள் கழித்துத்தான் ஏரிக்கரையைக் கவனித்தேன். பழைய தாளின் கரை, படத்தில் தண்ணீருக்குள் கிடந்தது. கோயிலும் அதே திசையில் அதே அளவு தள்ளி நின்றது. பூமியின் வடிவத்தை அந்தக் கால அளவையாளர்கள் ஒரு கணக்கில் எடுத்தார்கள். செயற்கைக்கோளுக்கு வேறு கணக்கு. இடையே செய்ய வேண்டிய திருத்தத்தை நான் செய்யவில்லை. செய்ததும் எல்லாப் புள்ளிகளும் ஒரு வயல் அகலம் நகர்ந்தன. குழி அக்காவின் கிணற்று இடத்தில் வந்து உட்கார்ந்தது.

அக்கா போனை எடுக்கவில்லை. போளூருக்குப் பஸ், அங்கிருந்து ஆட்டோ. போய்ச் சேர்ந்தபோது பத்தடி ஆழத்தில் இரண்டு பேர் இருந்தார்கள்.

"மேல ஏறுங்கண்ணா, ஜல்தி!"

"இன்னாடா, நாலு நாள்ல குழி நவுந்துகினு வந்துடுச்சா?" என்றார் அக்கா.

"குழி நவுரலக்கா. நான்தான் தப்பா வெச்சிட்டேன்."

"நல்லா வெச்ச. உள்ள எறங்கனது நீயா, அவங்களா?"

ஏறுவதற்கு முன் ஒருவர் பக்கச் சுவரைக் கடப்பாரையால் குத்தினார். பழைய குழியைத் தூர்க்கக் கொட்டிய கருகிய இரும்புக் கசடும் பொலபொலவென்ற மண்ணும் அவர் முழங்கால்வரை சரிந்தன. இருவரும் மேலே வந்தார்கள்.

"வெண்ணெ மாதிரி வெட்டுதே, நல்ல மண்ணுன்னு பேசிகினு இருந்தோம்" என்றார் அவர்.

அக்கா கடப்பாரையை என்னிடம் நீட்டினார்.

"படத்தப் பாத்துச் சொன்னது போதும். குத்திப் பாத்துச் சொல்லு."

மதியம்வரை குத்தினேன். நான்காவது இடத்தில், வரப்பு ஓரமாக, கடப்பாரை இறங்க மறுத்தது. வெட்டுகிறவர் அதை வாங்கித் தானே இரண்டு முறை குத்திப் பார்த்துவிட்டு, கிணற்றுக்கு வட்டம் போட்டார்.

"இங்க தண்ணி இருக்குமா?" அக்கா கேட்டார்.

"தெரியாதுக்கா" என்றேன்.