லெய்வியா சொல்லாத பெயர்

லெய்வியா வாசித்த முதல் அறிவிப்பு ஒரு மெத்தையைத் தவறான வீட்டுக்கு அனுப்பிவிட்டது.

எங்கள் தீவு நாட்டின் தலைநகரான போர்ட் விலாவில், மீன் சந்தைக்குப் பின்னாலிருந்த தகரக் கூரைக் கட்டடத்தில் நாங்கள் ஒன்பது பேர் செய்தியாளர் பயிற்சிக்குச் சேர்ந்திருந்தோம். எட்டுப் பேர் நேற்றுப் பள்ளி முடித்தவர்கள். லெய்வியா மட்டும் முப்பத்தாறு வயது விதவை, இரண்டு பெண்களுக்குத் தாய். எங்கள் ஆசிரியை மெரியாம் அவளைவிடப் பத்து வயது இளையவள்.

செவ்வாய்தோறும் வானொலியில் கப்பல் அறிவிப்பு வாசிப்பது மாணவர்களின் வேலை. எந்தத் தீவுக்கு எந்தக் கப்பல் போகிறது, யாருக்கு என்ன சாமான் வருகிறது என்று வாசிக்க வேண்டும். அன்று தவாலி தீவுக்கு ஒரு மெத்தை போயிற்று. அது யாருக்கு? லெய்வியாவின் மாமனாருக்கு!

மாமனார் பெயரை எந்த மருமகள் வாயால் சொல்வாள்? சொன்னால் ஒரு பன்றியும் பாயும் கொடுத்துத்தான் குற்றம் தீர்க்க வேண்டும். லெய்வியா "ஈரப்பலா மரத்து வீட்டுப் பெரியவருக்கு ஒரு மெத்தை" என்று வாசித்துவிட்டாள். தவாலியில் ஈரப்பலா இல்லாத வீடு ஏது? கிழவர் சிமியோன் விடியற்காலையிலேயே கரைக்குப் போய் மெத்தையைத் தூக்கிக்கொண்டு வந்துவிட்டார். திருப்பிக் கேட்டதற்கு, "ரேடியோவே எனக்குன்னு சொல்லிடுச்சு. நீ யாரு கேக்க?" என்றாராம்.

வகுப்பில் சிரிப்பு அடங்கவே இல்லை. பகோவா என்ற குறும்பன் எழுந்து நின்றான்.

"அக்கா, நாளைக்கு உங்க மாமனார் பிரதமர் ஆயிட்டா என்ன பண்ணுவீங்க? 'ஈரப்பலா மரத்துக்காரர் பார்லிமெண்ட்ல பேசினார்'னு வாசிப்பீங்களா?"

"உன் பேரை மட்டும் தயங்காம வாசிப்பேன்டா, பகோவா. காணாமப் போனவங்க பட்டியல்ல!"

அவளும் சிரித்தாள். ஆனால் அந்தச் சிரிப்புக்கு அடியில் பயம் இருந்ததைப் பக்கத்துப் பெஞ்சில் இருந்த நான் பார்த்தேன்.

வருட முடிவில் ஆளுக்கொரு செய்தி தயாரிக்க வேண்டும். காலை ஏழு மணிக்கு அது எல்லாத் தீவுகளிலும் ஒலிக்கும். அதில் தேறினால் சான்றிதழும், வெளித்தீவுகளுக்கான செய்தியாளர் வேலையும் கிடைக்கும். லெய்வியா தவாலிப் படகைப் பற்றிய செய்தியை எடுத்தாள். நோயாளிகளை ஏற்றிப் போக அரசாங்கம் கொடுத்த படகு அது. எட்டு மாதமாகத் தென்னோலைக்கு அடியில் கிடக்கிறது. அதன் எஞ்சினைக் காணோம். பிரசவ வலி கண்ட லெய்னா என்ற பெண்ணைத் துடுப்புத் தோணியில் ஏற்றிப் போனார்கள். நடுக்கடலிலேயே குழந்தை பிறந்தது. தெய்வாதீனமாக இரண்டு உயிரும் பிழைத்தன. ஊரே அந்தக் குழந்தையைத் 'துடுப்பு' என்றுதான் கூப்பிடுகிறது.

படகுக்குப் பொறுப்பு தீவுக் கவுன்சில் தலைவர். அவர் வேறு யாருமில்லை, லெய்வியாவின் மாமனார்தான்!

அவள் எழுதிய முதல் பிரதியில் 'ஒரு தலைவர்' என்று மட்டும் இருந்தது. மெரியாம் அதை மேசைமேல் வைத்தாள்.

"அக்கா, 'ஒரு தலைவர்'னு சொன்னா எல்லாத் தீவுத் தலைவர் மேலயும் சந்தேகம் விழும். மெத்தை ஒரு வீடு தப்பிப் போச்சு. பழி எத்தனை வீடு தப்பிப் போகும், சொல்லுங்க?"

"மிஸ், என் புருஷனைக் கடல் கொண்டு போனப்ப, 'நீ மருமக இல்ல, என் மக'ன்னு சொன்னவர் அவர். படிக்க என்னைக் கப்பல் ஏத்தினதும் அவர்தான். அவர் பேரைச் சொன்னா நான் அந்த வாசல் எப்படி மிதிப்பேன்?"

"பேரும் வேணும், அவர் பதிலும் வேணும். ரெண்டுல ஒண்ணு இல்லாட்டியும் இதை ஒலிபரப்ப முடியாது. வேற யாராவது வாசிக்கட்டுமா?"

"செய்தி என்னுது. அதை வாசிக்க இன்னொரு வாயை வாடகைக்கு எடுக்கவா?"

அன்று கடல் சுவரில் உட்கார்ந்து அவள் அழுத அழுகை! ஒரு பக்கம் தகப்பனுக்கும் மேலான ஒரு மனிதர், மறுபக்கம் நடுக்கடலில் அலறிய ஒரு தாய். நான் தோளைத் தொட்டேன். "தொடாதே, கரைஞ்சுடுவேன்" என்றாள். மறுநாள் கப்பல் ஏறிவிட்டாள்.

இனி நடந்ததெல்லாம் அவள் வாயாலும், அவள் கொண்டுவந்த ஒலிப்பதிவாலும் நான் அறிந்தது.

தவாலியில் இறங்கியதும் முதலில் மருத்துவத் தாதியைப் பேட்டி எடுத்தாள். பிறகு கரையில் உட்கார்ந்து அதைப் போட்டுக் கேட்டாள். மெரியாம் முதல் வாரமே ஒரு பழக்கம் சொல்லிக் கொடுத்திருந்தாள். பேச வருபவரை முதலில் தன் பெயரையும் வேலையையும் தானே சொல்லச் சொல்ல வேண்டும். குரல் அளவாகப் பதிகிறதா என்று பார்க்கத்தான் அது. பிறகு அந்தத் துண்டை வெட்டி எறிந்துவிடுவோம். ஒன்பது பேரும் வருடம் முழுக்க எறிந்துகொண்டுதான் இருந்தோம்.

தாதியின் குரல் தன் பெயரைச் சொல்லிற்று. வெட்டுவதற்குப் போன லெய்வியாவின் விரல் அப்படியே நின்றது. கரையில் வலை பிரித்துக்கொண்டிருந்தவர்கள் திரும்பிப் பார்க்கும்படி அவள் உரக்கச் சிரித்துவிட்டாளாம்!

சாயங்காலம் நக்கமால் என்ற ஊர்க்கூட்ட முற்றத்தில் ஆண்கள் காவா என்ற கசப்பு வேர்ச்சாறு குடிக்கக் கூடியிருந்தார்கள். லெய்வியா குனிந்தபடியே வந்தாள். மாமனாருக்குப் பத்தடி தள்ளி, முகத்தை ஒரு பக்கமாகத் திருப்பித் தரையில் உட்கார்ந்தாள். கிட்டப் போய் வாய்க்கு நேரே ஒலிப்பதிவுக் கருவியை நீட்ட வழக்கம் இடம் கொடுக்காது. அதனால் அதைப் புதுப் பாய் ஒன்றில் வைத்து, பாயை அவர் பக்கம் மெல்லத் தள்ளினாள்.

"யாரு வந்திருக்கா?" மாமனாரின் குரல் கனத்தது. "நம்ம வீட்டு மருமகளா, ரேடியோக்காரியா?"

"மருமக கேள்வி கேக்க மாட்டா, மாமா. அதான் ரேடியோ வந்திருக்கு."

"என்ன கேக்கணுமாம் ரேடியோவுக்கு?"

"முதல்ல நீங்க யாருன்னு உங்க வாயாலயே சொல்லணுமாம். அப்புறம் படகு எஞ்சின் எங்கன்னு சொல்லணுமாம்."

யாரோ இருமினார்கள். என் மகளே என்ற வாய் இப்போது எழுந்து போ என்று சொல்லிவிடுமோ?

பாய் சரசரத்தது. பெரியவர் கருவியைக் கையில் எடுத்துக்கொண்டார்.

"உன் கேள்வி காவாவைவிடக் கசக்குது. ஆனா முன்னால நீட்டின கிண்ணத்தை மறுக்கறது நம்ம வழக்கமில்ல."

பிறகு தொண்டையைச் செருமிக்கொண்டு சொன்னார்: "நான் யோனா கல்மேரே. தவாலி தீவுக் கவுன்சில் தலைவர். எஞ்சினை என் தங்கச்சி மகன் கேட்டான், தன் படகுல காவா மூட்டை ஏத்தறதுக்கு. நான்தான் கழட்டிக் கொடுத்தேன். லெய்னா தோணியில கத்தினது கரையில நின்ன என் காதுலயும் விழுந்துச்சு. தப்பு என்னுது. வர்ற ஞாயித்துக்கிழமைக்குள்ள எஞ்சின் படகுல இருக்கும்."

பதிவின் கடைசியில் அவர் குரல் மெதுவாகக் கேட்கிறது: "இது போதுமாம்மா, இன்னும் ஏதாவது கேக்கணுமா?"

அந்தக் காலை ஏழு மணியை நான் மறக்கமாட்டேன். மற்ற எட்டுப் பேரும் மெரியாமும் வானொலிப் பெட்டியைச் சுற்றி நின்றோம். லெய்வியாவின் குரல் படகைச் சொன்னது, லெய்னாவைச் சொன்னது, "இதற்குப் பொறுப்பானவர் இவர்" என்று நின்றது. அடுத்த கணம் அந்தக் கனத்த குரல்: "நான் யோனா கல்மேரே..." பகோவா மேசையில் ஏறிக் குதித்தான். மெரியாம் கண்ணைத் துடைத்துக்கொண்டே, "நாம குப்பையில போட்ட துண்டை வெச்சு இந்த அக்கா ஜெயிச்சுட்டாங்க!" என்றாள்.

ஞாயிற்றுக்கிழமை வரை காத்திருக்க வேண்டியிருக்கவில்லை. வியாழக்கிழமையே படகு கடலில் இறங்கியது. முதல் பயணத்தில் லெய்னாவும் துடுப்பும் தடுப்பூசிக்குப் போனார்கள். லெய்வியா தேறினாள், வேலையும் கிடைத்தது. விடுமுறைக்குப் போனபோது கரையில் மாமனாரே நின்றிருந்தார், முறைப்படி முகத்தைத் திருப்பிக்கொண்டு. சுற்றி நின்றவர்களிடம், "ஒரு கேள்வியில என்னை உக்கார வெச்சவ யாரு தெரியுமா? என் வீட்டுப் பொண்ணு!" என்று முழங்கினாராம்.

இன்றும் அவர் பெயரை லெய்வியா வாயால் சொன்னதில்லை. போன மாதம் மாணவன் ஒருவனுக்குப் பதிலாக அவள் கப்பல் அறிவிப்பு வாசித்தபோது, அவருக்கும் ஒன்று வந்தது. "தவாலி தீவுக்கு ஒரு மெத்தை. பெறுபவர்..." என்று வாசித்து நிறுத்தினாள். பொத்தானை அழுத்தினாள்.

"நான் யோனா கல்மேரே" என்றது வானொலி.

இந்தத் தடவை சிமியோன் கிழவர் கரைப் பக்கமே வரவில்லையாம்.