அம்சாவின் கிருத்திகைச் சாறு

மிக்சி ஜாரின் மூடிமேல் உள்ளங்கையை அழுத்தி வைத்துக்கொண்டு, தலையை ஒரு பக்கமாகச் சாய்த்துக் கண்ணை மூடிக்கொள்கிறாள் அம்சா. புதிதாக வருகிறவர்களுக்கு, மலையைப் பார்த்து ஏதோ வேண்டிக்கொள்கிறாள் என்று தோன்றும். அவள் கேட்டுக்கொண்டிருக்கிறாள். பழம் முதலில் தடதடவென்று ஜாரில் மோதும். பிறகு உறுமும். அப்புறம் ஒரு நொடியில் அந்த உறுமல் எண்ணெய் விட்டதுபோல வழுக்கிக்கொண்டு போகும். அந்த நொடியில் அவள் கை தானாகப் போய் மிக்சியை நிறுத்திவிடும்.

“இன்னும் ஒரு சுத்து வுட்டா தண்ணியாப் பூடும்ங்க. அப்பறம் அது எங்க வயித்துல நிக்கும்? வந்த வழியில போய்கினே இருக்கும்.”

திருத்தணியில், சரவணப் பொய்கைக்குத் திரும்புகிற வழியில் இருக்கிறது அவள் பழக்கடை. தகரக் கூரை, இரண்டு மிக்சி, முன்னால் ஒரு மரப்பலகை, அவ்வளவுதான். அம்சா பிறந்தது பொதட்டூர்பேட்டையில், விசைத்தறிகளுக்கு நடுவில். தறி ஓடுகிற வீட்டில் பேசிப் பழகிய தொண்டை, தறி இல்லாத இடத்திலும் தறியை மீறித்தான் பேசும். அவள் “வாங்க” என்று கூப்பிட்டால் எதிர்ச்சாரியில் செருப்பு தைக்கிறவரும் நிமிர்ந்து பார்ப்பார். ஆனால் அந்த இரைச்சலில் வளர்ந்த காதுக்குத்தான் சத்தத்துக்குள் இருக்கும் சத்தம் தனியாகக் கேட்கிறது.

கடையில் சர்க்கரை டப்பா கிடையாது. காரில் வந்து இறங்குகிறவர்கள் இதை நம்புவதில்லை. “கொஞ்சம் சுகர் தூக்கலா போடுங்கம்மா” என்று கேட்டவரிடம் ஒரு நாள் சொன்னாள்: “மாம்பழத்துல சக்கர போட்டா அதுக்கு ரோஷம் வரும் சார். அத்தோட தித்திப்பு பத்தலன்னு நாமளே சொன்னாப்பல ஆவாது?” கேட்டவர் சிரித்துவிட்டார். கல்லூரிப் பெண்கள் வந்து “அக்கா, ஒரு ஸ்மூதி” என்பார்கள். “ஆங், கெட்டி ஜூஸுதான? இரு” என்று ஆரம்பிப்பாள். டம்ளரைக் கையில் கொடுக்கும்போது ஒவ்வொருவருக்கும் ஒரே அறிவுரை. “இது குடிக்கறது இல்லம்மா, சாப்புடறது. மெதுவா எறங்கட்டும்.”

எதைப் போட்டாலும் ருசி பார்க்காமல் ஊற்ற மாட்டாள். கரண்டி நுனியிலிருந்து ஒரு சொட்டை இடது புறங்கையில் விட்டு, நாக்கால் தொட்டு, ஒரு கண்ணை மட்டும் சுருக்குவாள். சுருங்கிய கண் திறந்தால் சரி. திறக்காவிட்டால் இன்னும் அரை வாழைப்பழம்.

வருடத்தில் ஒரே ஒரு நாள்தான் இந்த ருசி பார்ப்பது கிடையாது. அது ஆடிக் கிருத்திகை.

அன்றைக்கு ஊர் ஊராக இருக்காது. ஆந்திரப் பக்கமிருந்தும் ஆர்.கே.பேட்டை, பள்ளிப்பட்டுப் பக்கமிருந்தும் மஞ்சள் வேட்டிகளும் பூக்காவடிகளும் வந்து சேர்ந்து, மலையே பூச்சூடிக்கொண்டு நகர்வதுபோல் இருக்கும். அன்றைக்கென்றே அம்சா ஒரு சாறு போடுவாள். ஏலக்கி வாழை, பருவத்தின் கடைசியில் வரும் நீலம் மாம்பழம், தேன், இடித்த ஏலக்காய். டம்ளரில் ஊற்றிய பிறகு மேலே ஒரு பிடி மாதுளை முத்து. பால் கிடையாது, வெயிலில் திரிந்துவிடும். ஐஸ் கிடையாது, மலையேறி இறங்கியவன் தொண்டை கட்டிக்கொள்ளும். முக்கியமாகப் புளிப்புள்ள எதுவும் கிட்டே வரக்கூடாது. முன்பொரு கிருத்திகையில், நாக்கில் குத்திய வேலை அப்போதுதான் எடுத்துவிட்டு வந்த ஒருவர் அவள் கடையில் ஆரஞ்சுச் சாறு வாங்கிக் குடித்தார். வாய் திறந்து கத்தவில்லை. கண்ணிலிருந்து மட்டும் தண்ணீர் கொட்டிக்கொண்டிருந்தது. அதற்கப்புறம் கிருத்திகைக்குக் கடையில் எலுமிச்சம்பழத்தைக்கூட அவள் வைப்பதில்லை. அலகு குத்தி இறங்குகிறவர்கள் இன்று அவள் கடையைத் தேடி வருகிறார்கள். அவர்களிடம் காசு எதுவும் வாங்குவதில்லை.

ருசி பார்க்காததற்குக் காரணம், அவள் விரதம். கணவன் பூபாலன் ஆட்டோ ஓட்டுகிறவன். நாலைந்து வருடத்துக்கு முன் ஒரு வளைவில் ஆட்டோ கவிழ்ந்து, அவன் வலது தொடை எலும்பு இரண்டாகிவிட்டது. உள்ளே கம்பி வைத்தார்கள். நடப்பானா என்று கேட்டதற்கு மருத்துவர் மேலே கையைக் காட்டினார். அம்சா ஈரப் புடவையோடு மலையேறி, சன்னதியில் தறிக்காரத் தொண்டையில் சொன்னாள்: “இவரு நடந்தா போதும். நான் இருக்கற வரைக்கும் ஆடிக் கிருத்திகைக்குத் தெப்பம் சுத்தி முடிக்கற வரைக்கும் வாயில பச்சத் தண்ணி படாது.” அன்று வரிசையில் நின்ற அத்தனை பேருக்கும் அது கேட்டிருக்கும். பூபாலன் நடந்தான். கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து நடக்கிறான், ஆனால் நடக்கிறான். அந்தக் கால் கடன் வாங்கிய கால் என்றுதான் அம்சாவின் எண்ணம். வாக்குத் தவறினால் கொடுத்தவன் திரும்ப எடுத்துக்கொள்வான்.

ஆகவே கிருத்திகையன்று பழக்கத்தில் புறங்கைக்குச் சொட்டு போகும், கை வாய்வரை வரும், அங்கேயே நிற்கும். புடவையில் துடைத்துக்கொள்வாள். பொழுது சாய்வதற்குள் அவள் இடுப்புப் பக்கம் முழுக்க மாம்பழக் கறை.

இந்த வருடம் விடியலிலேயே பெரிய அண்டா நிறையச் சாறு போட்டாயிற்று. ஈரத் துணி போட்டு மூடி, பூபாலனைக் காவல் வைத்துவிட்டு, அம்சாவும் பூபாலனின் தங்கை நிர்மலாவும் பொய்கைக்குக் குளிக்கப் போனார்கள். அவர்கள் திரும்பி வந்ததும், “வாழத்தாரு ஒண்ணு சொல்லி வெச்சிகீறேன், எடுத்தாந்துடறேன்” என்று பூபாலன் கிளம்பினான். வண்டிகளை ஊருக்கு வெளியிலேயே மறித்திருந்தார்கள். நடந்துதான் போய் வர வேண்டும்.

வெயில் ஏறியபோது பொதட்டூர்பேட்டைத் தறிக்காரர் கூட்டம் இறங்கி வந்தது. முன்னால் முருகவேல். ஒவ்வொரு வருடமும் நாக்கில் வேல் குத்திக் காவடி எடுக்கிறவன். மேலே காவடி செலுத்தி, வேலை எடுத்துத் திருநீறு வைத்திருந்தார்கள். கால் பின்னிக்கொண்டு வந்தது. அவன் மனைவி தமிழ்செல்வி தோளைத் தாங்கிக்கொண்டிருந்தாள்.

“அக்கா, நேத்துலருந்து ஒண்ணுமில்ல. மேல தண்ணி குடுத்தா வாந்தி எடுத்துட்டாரு. எளநி எங்கயும் இல்ல. சீக்கிரம் குடுக்கா.”

அம்சா அண்டாவின் துணியை விலக்கினாள். நிர்மலா டம்ளரில் மொண்டு முருகவேலின் கையில் கொடுத்தாள்.

“பாரேன் அண்ணி, இன்னா கலரு! இப்ப போட்டாப்பல பொன்னாட்டம் கீது!”

அம்சா அண்டாவுக்குள் எட்டிப் பார்த்தாள். வாழைப்பழம் அரைத்து இத்தனை நேரமாயிற்று. மேல் ஏடாவது கறுத்திருக்க வேண்டும். ஒவ்வொரு வருடமும் கறுக்கும், கரண்டியால் ஏட்டை ஒதுக்கிவிட்டுத்தான் ஊற்றுவாள். புளிப்பு பட்டால்தான் வாழைப்பழம் கறுக்காது.

“இரு. குடிக்காத முருகவேலு. ஏன் கறுக்கல? நிர்மலா, இதுல எதுனா போட்டியா?”

“சத்தியமா நான் ஒண்ணும் போடல அண்ணி.” நிர்மலா ஒரு விரல் தொட்டு நக்கினாள். “தேனாட்டம் கீது. குடுங்க, அவரு வுழுந்துடப் போறாரு.”

நிர்மலாவுக்கு மிளகாய் பஜ்ஜியே காரமில்லை. அவள் நாக்கை நம்ப முடியாது. முகர்ந்து பார்க்கலாம் என்றால், பக்கத்தில் லெமன் சோடாக் கடை. காற்று முழுக்க எலுமிச்சைதான். பூபாலனைக் கூப்பிட்டுப் பார்த்தாள். அந்தக் கூட்டத்தில் எந்தப் போனும் எடுக்கவில்லை. சுற்றி நின்றவர்களில் பாதிப் பேர் விரதம். மீதிப் பேரும் நிர்மலாவைப்போலத் தேன் என்றுதான் சொல்வார்கள், மெல்லிய புளிப்பு அவர்கள் நாக்குக்குத் தெரியாது. அண்டாவில் இருப்பதைத் தவிரக் கடையில் ஒரு பழமும் இல்லை. முருகவேலின் கண் செருகிக்கொண்டு வந்தது. டம்ளர் அவன் கையில் ஆடியது.

அம்சா கரண்டியை எடுத்தாள். ஒரு சொட்டு புறங்கையில் விழுந்தது.

நிர்மலாவுக்குப் புரிந்துவிட்டது. “அண்ணி, வேணாம் அண்ணி! தெப்பம் இன்னும் சுத்தல. எங்கண்ணன் காலு, அண்ணி!”

அம்சா ஒரு தரம் மலையைப் பார்த்தாள். பிறகு முருகவேலின் வாயைப் பார்த்தாள். திருநீறு அப்பிய நாக்கு வீங்கிப்போய், உள்ளே மடங்க மாட்டாமல் உதட்டில் கிடந்தது. மேளம் அடித்துக்கொண்டேதான் இருந்தது, அரோகரா முழக்கம் ஓயவில்லை.  அம்சா புறங்கையை வாய்க்குக் கொண்டுபோனாள். இம்முறை கை நிற்கவில்லை.

ஒரு கண் சுருங்கியது. திறக்கவே இல்லை.

“புளிப்பு” என்றாள். முருகவேலின் உதட்டருகே போயிருந்த டம்ளரைப் பிடுங்கினாள். “நாக்கு, கன்னம் குத்துனவங்க யாரும் இத்த தொடாதீங்க! மத்தவங்க வாங்க, வந்து வாங்கிக்கோங்க!” தறிக்காரத் தொண்டை மேளத்தை மீறிப் போனது. முருகவேலைப் பலகையில் சாய்த்து உட்காரவைத்து, தேன் புட்டியிலிருந்து ஒரு துளி எடுத்து அவன் உதட்டில் தடவினாள். தமிழ்செல்வி முந்தானையால் விசிறிக்கொண்டே, அம்சாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். கோயிலுக்குள் பார்க்கிற பார்வை அது.

கொஞ்ச நேரத்தில் கூட்டத்தின் தலைகளுக்கு மேலே ஒரு வாழைத்தார் அசைந்து அசைந்து வந்தது. அதன் கீழே பூபாலன். தார் தோளிலிருந்து இறங்குவதற்குள் அம்சா ஒரு சீப்பை ஒடித்துவிட்டாள். உரித்தாள், தேன் விட்டாள், மூடிமேல் உள்ளங்கையை வைத்துக் கண்ணை மூடிக் கேட்டாள். அந்த அவசரத்திலும் சத்தம் வழுக்குகிறவரை பொறுத்திருந்தாள். முருகவேல் ஒரு மடக்கு விழுங்கினான். எல்லோரும் அவன் முகத்தைப் பார்த்தார்கள். முகம் சுளிக்கவில்லை. இரண்டாவது மடக்குக்கு அவனே டம்ளரைப் பிடித்துக்கொண்டான்.

“அண்டாவுல இன்னா போட்ட?” என்றாள் அம்சா, கணவன் பக்கம் திரும்பி.

பூபாலன் வெள்ளையாகச் சிரித்தான். “கண்டுபுடிச்சிட்டியா? சோடா கடக்காரருதான் நாலு பழம் குடுத்தாரு. ‘பூபாலா, எலுமிச்சம்பழம் புழிஞ்சி வுடு, சாயங்காலம் வரைக்கும் கறுக்காது, நாலு பழத்துக்குப் புளிக்கவும் புளிக்காது’ன்னாரு. வருஷா வருஷம் மேல கறுப்பு ஏடு ஒதுக்கறியே, திருநாளும் அதுவுமா நல்லாருக்கட்டும்னு...”

“அண்ணி வெரதத்த வுட்டுட்டாங்கண்ணா” என்று நிர்மலா அழ ஆரம்பித்தாள்.

பூபாலனின் சிரிப்பு போய்விட்டது. திட்டு விழும் என்று எதிர்பார்த்தவன்போல் தலையைக் குனிந்துகொண்டான். அம்சா திட்டவில்லை. அவள் அவன் முகத்தையே பார்க்கவில்லை.

“நடய்யா” என்றாள்.

“எங்க?”

“அந்த லைட்டு கம்பம் வரைக்கும் போய்ட்டு வா.”

அவன் புரியாமல் தங்கையைப் பார்த்தான். பிறகு போனான். காவடிகளுக்கு வழி விட்டு, எப்போதும்போல் கொஞ்சம் வலப்பக்கம் சாய்ந்து நடந்து, கம்பத்தைத் தொட்டுவிட்டுத் திரும்பி வந்தான்.

“போதுமா?”

பலகைக்கு முன்னால் கன்னத்தில் திருநீறு அப்பிய இன்னும் இரண்டு பேர் வந்து நின்றார்கள். அம்சா புதுச் சாற்றை டம்ளரில் ஊற்றிக்கொண்டே, பூபாலனின் வலது காலிலிருந்து கண்ணை எடுக்காமல் சொன்னாள்:

“இன்னொரு வாட்டி.”

டம்ளர் விளிம்பு வரை நிறைந்தது. ஒரு சொட்டுக்கூட வெளியே சிந்தவில்லை.