தலை வெட்டிய பைல்

நவமணியின் கையால் அடி வாங்காமல் புக்கிட் ரோத்தான் பக்கத்தில் எவனும் பைலிங் வேலை கற்றுக்கொண்டதில்லை. சும்மா பேச்சுக்குச் சொல்வதாக நினைக்க வேண்டாம். கொக்கியில் சங்கிலியைச் சரியாக மாட்டாமல் இரும்பைத் தூக்கச் சொன்னவனை அவள் ஸ்பானராலேயே முழங்கையில் போட்ட கதையைச் சாப்பாட்டுக் கடைகளில் இன்றும் சொல்லிச் சிரிக்கிறார்கள். அடி வாங்கியவன் இப்போதும் அவளிடம்தான் வேலை செய்கிறான். "அக்கா அடிச்சாத்தான் உசிரு தங்கும்லா" என்பது அவன் கட்சி.

எஸ்டேட் லயத்தில் பிறந்தவள். பள்ளிக்கூடத்துப் பையை வைத்துவிட்டுச் செம்பனைக் கொட்டை பொறுக்கப் போனவள். பைலிங் கான்ட்ராக்ட் எடுத்திருந்த திவாகரனைக் கட்டிக்கொண்ட பிறகுதான் சேற்று வேலைக்கு வந்தாள். ஆற்றோரத்தில் நீள நீளமான இரும்புத் தகடுகளை ஒன்றோடொன்று கோத்து, மிஷினால் சேற்றுக்குள் இறக்கிச் சுவர் கட்டுவது அந்த வேலை. ஒவ்வொரு தகட்டுக்கும் பைல் என்று பெயர். சுவருக்கு உள்ளே தண்ணீரை இறைத்துவிட்டுக் குழி தோண்டி, மற்றவர்கள் கான்கிரீட் போடுவார்கள். சுவர் நின்றால் குழிக்குள் இருப்பவன் பிழைப்பான். சாய்ந்தால் அவன் வீட்டுக்குச் சொல்லி அனுப்ப வேண்டியதுதான்.

ஏழு வருஷத்துக்கு முன்னால், சுங்கை ஆயர் தாவார் பக்கம் ஒரு பாலத்து வேலையில் அப்படித்தான் சுவர் சாய்ந்தது. குழிக்குள் நின்றவன் திவாகரன். தோண்டி எடுத்தபோது அவன் வாய் நிறையச் சேறு. நவமணி தன் விரலாலேயே அதை வழித்து எடுத்தாள்.

பிறகு ஆரம்பித்தது கூத்து. பைல் சரியில்லை என்றது மெயின் கான்ட்ராக்டர் கம்பெனி. சொன்ன ஆழத்துக்கு மேல் தோண்டிவிட்டார்கள் என்றாள் நவமணி. இரண்டு பேர் மேலும் தப்பு, எங்கள் மேல் இல்லை என்றது வேலையைக் கொடுத்த அரசாங்க இலாகா. ஆளாளுக்கு வக்கீல் வைத்துக்கொண்டு மாறி மாறிக் கடுதாசி எழுதினார்களே தவிர, ஒரு மனுஷன் செத்தான் என்பதை எல்லாரும் மறந்தே போனார்கள். யார் குற்றவாளி என்று கடைசி வரைக்கும் எவனும் தீர்த்துச் சொல்லவில்லை.

நவமணி அன்றைக்கே தீர்ப்பு எழுதிவிட்டாள். தோண்டச் சொன்னது கம்பெனியின் இன்ஜினியர் அமீருல். கோலசிலாங்கூரில் சாப்பாட்டுக் கடை வைத்திருந்த ராவுத்தர் வீட்டுப் பிள்ளை. பிணவறைக்கு வெளியே, அவன் வாப்பா பார்த்துக்கொண்டிருக்கும்போதே அவனைச் செருப்பால் அடித்தாள். கன்னத்தில், காதில், மூக்கில். ரத்தம் சட்டையில் வழிந்தது. வார் அறுந்தது, அறுந்த செருப்பாலும் அடித்தாள். "விடும்மா, புள்ள செத்துருவான்" என்று பெரியவர் அழுதுகொண்டே அவள் கையைப் பிடித்தார். அமீருல் மட்டும் கையைத் தூக்கவில்லை, முகத்தைக்கூட மறைக்கவில்லை. குத்தமுள்ளவன்தான் அப்படி நின்று வாங்குவான் என்று அவள் முடிவு கட்டிக்கொண்டாள். அந்தக் கடையில் அதற்குப் பிறகு அவள் ஒரு வாய்த் தேத்தண்ணி குடித்ததில்லை.

திவாகரனின் மிஷின் இருந்தது, ஆட்கள் இருந்தார்கள். எல்லாவற்றையும் கட்டி இழுத்தாள். அவளுக்கு வேண்டியது ஒன்றே ஒன்றுதான். இன்னொரு உயிர் தன் சுவருக்குள் போகக்கூடாது. அதற்காகத்தான் அந்த அடியும் உதையும்.

இப்போது வந்தது ஆற்று மதகு வேலை. எஸ்டேட் தண்ணீர் வடிகிற வாய்க்கால் சிலாங்கூர் ஆற்றில் சேரும் இடத்தில், கடல் பெருக்கு நேரத்தில் உப்புத்தண்ணீர் ஏறாமல் தடுக்கப் புது மதகு. இலாகா இந்த முறை புதுசாக ஒன்றைச் செய்து பார்க்க நினைத்தது. தனித்தனி ஒப்பந்தம் இல்லை. இலாகா, மெயின் கான்ட்ராக்டர், பைலிங், கான்கிரீட் எல்லாருக்கும் ஒரே ஒப்பந்தம், ஒரே கேபின், ஒரே மேசை. நஷ்டம் வந்தால் எல்லாருக்கும், லாபம் வந்தாலும் எல்லாருக்கும். குறை கண்டவர் காலைக் கூட்டத்திலேயே சொல்லிவிட வேண்டும். சொன்னவர் மேல் பழி கிடையாது.

முதல் நாள் கேபினில் நுழைந்தால், மேசைக்கு எதிர்ப்பக்கம் அமீருல். மூக்கு லேசாகக் கோணியிருந்தது. அது அவள் போட்ட கோணல்.

இலாகா அதிகாரி விமலா பொறுமையாக எல்லாவற்றையும் விளக்கினாள். நவமணிக்குச் சிரிப்பு வந்தது.

"பழியே இல்லையா? அப்ப செத்தவன் தானாவே செத்தானா மேடம்?"

"தப்பு செஞ்சத மறைச்சாத்தான்கா ஆளு சாகுறாங்க. பயமில்லாம சொல்ல வச்சா சாக மாட்டாங்க. அதுக்குத்தான் இது."

அமீருல் மேசையையே பார்த்துக்கொண்டிருந்தான். நவமணி பல்லைக் கடித்துக்கொண்டு கையெழுத்துப் போட்டாள். இவனைக் கண் முன்னாலேயே வைத்திருப்பது நல்லது என்று அவளுக்குத் தோன்றியது.

வெளியே வந்ததும் ஆட்களை மிஷினுக்குப் பின்னால் கூட்டினாள். மிஷின் ஓட்டுவது அவள் தம்பி தீபன். கையில் இருந்த ஸ்பானரால் இரும்பில் ஓங்கி ஒரு தட்டு தட்டினாள்.

"உள்ள அவங்க ஆயிரம் பேசட்டும். அந்த அமீருல் முன்னால நம்ம வேலைல ஒரு குத்தம்னு வந்துச்சு, எவனால வந்துச்சோ அவன் தோல உரிச்சுத் தொங்கவிடுவேன். தம்பின்னும் பாக்க மாட்டேன்."

பார்க்க மாட்டாள் என்று தீபனுக்குத் தெரியும். சின்ன வயதில் அவள் உடைத்த பல் ஒன்று அவனுக்கு இன்னும் இல்லை.

சுவர் எழுந்தது. குழி ஆழமானது. ஒரு காலையில், கூட்டமெல்லாம் முடிந்து, ஆற்றில் தண்ணீர் ஏறத் தொடங்கியிருந்த நேரம், நவமணி கயிறு எடுக்க எண்ணெய்ப் பீப்பாய்களுக்குப் பின்னால் போனாள். அங்கே தார்ப்பாய் போட்டு எதையோ மூடி வைத்திருந்தார்கள். காலால் விலக்கினாள். இரும்புத் துண்டுகள். கேஸ் நெருப்பால் அறுத்த பைல் தலைகள்.

அளவுக்கு வந்த பைலுக்குத் தலையை எதற்கு அறுப்பது? சேற்றுக்குள் கிடக்கும் பழைய மரத்தில் முட்டி, பைல் முழு ஆழம் இறங்காமல் மேலே நீட்டிக்கொண்டு நின்றால், மற்றவற்றோடு சமமாகக் காட்டத்தான் அறுப்பார்கள். மேலே பார்த்தால் எல்லாம் ஒரே மட்டம். கீழே, கால் குட்டை. குழி ஆழமாக ஆக, அந்தக் குட்டைக் கால்களுக்குப் பிடிப்பே இருக்காது.

ஸ்பானரோடு ஓடினாள். குழி விளிம்பில் நின்று எட்டிப் பார்த்தாள். அடியில் வங்காளதேசத்து ஆட்கள் கம்பி கட்டிக்கொண்டிருந்தார்கள். ஆற்றுப்பக்கச் சுவருக்குக் கீழே, முதுகைக் காட்டிக்கொண்டு அமீருல்.

உள்ளதைச் சொல்ல வேண்டும். அவள் நின்றாள். திவாகரன் வாயிலிருந்து வழித்தெடுத்த சேறு அவள் விரலுக்கு நினைவு வந்தது. சாகட்டும், இவனும் அந்தச் சேற்றைத் தின்னட்டும் என்று மனசு கொதித்தது. ஒரு மூச்சுதான். பிறகு ஏணியில் கால் வைத்துவிட்டாள்.

"மேல ஏறுங்கடா! எல்லாரும் மேல ஏறுங்க!"

தண்ணீர் இறைக்கும் பம்பு போட்ட சத்தத்தில் எவன் காதில் விழும்? அவர்களுக்குத் தெரிந்ததெல்லாம், நவமணி கையில் ஸ்பானரோடு, தலைவிரி கோலமாக, அமீருலை நோக்கி வருகிறாள் என்பதுதான். செருப்படிக் கதை அந்த சைட்டில் யாருக்குத்தான் தெரியாது? இரண்டு பேர் பாய்ந்து அவளைப் பிடித்துக்கொண்டார்கள். ஒருத்தன் கையைக் கடித்தாள். இன்னொருத்தன் வயிற்றில் முழங்காலால் இடித்தாள். அமீருல் பின்வாங்கினான்.

"அக்கா, அடிக்கணும்னா மேல வந்து வாங்கிக்கிறேன். இங்க வேணாம், ஆளுங்க இருக்காங்க."

"அட மடையா! பைலு குட்டைடா! தல வெட்டிருக்கானுங்க! சுவரு நிக்காது!"

அமீருல் திரும்பிச் சுவரின் அடியைப் பார்த்தான். சேறு கொப்புளம் கொப்புளமாகப் பொங்கிக்கொண்டிருந்தது. யார் வெட்டினார்கள், எப்போது, ஏன் என்று ஒரு வார்த்தை கேட்கவில்லை. "நாயேக்! செமுவா நாயேக்!" என்று எல்லாரையும் மேலே ஏறச் சொல்லி மலாயில் தொண்டை கிழியக் கத்தி, ஏணிப் பக்கம் ஆட்களைத் தள்ளினான். ஒவ்வொருவராக ஏறினார்கள். இவர்கள் இரண்டு பேர் மட்டும் கீழே நின்றபோது சுவரின் கால் உள்பக்கமாகப் பிய்த்துக்கொண்டு வந்தது.

ஆறு உள்ளே பாய்ந்தது. ஒரு பைல் அமீருலின் காலில் விழுந்து, எலும்பு முறிந்த சத்தம் அவளுக்கே கேட்டது. அவன் அலறினான். இடுப்பளவுச் சேற்றில் நின்றுகொண்டு, ஸ்பானரை நெம்புகோலாகக் கொடுத்து, அவன் காலை உருவி எடுத்தாள். தோலும் சதையும் பாதி இரும்பிலேயே நின்றது. மேலிருந்து தீபன் மிஷின் கொக்கியை இறக்கினான். அமீருலின் இடுப்பு வாரில் சங்கிலியைச் சுற்றி அவளே கொக்கியில் மாட்டினாள். அவனைக் கட்டிப் பிடித்துக்கொண்டே அவளும் மேலே வந்தாள். சுவரில் எழுபது அடி நீளம் அவர்கள் காலுக்குக் கீழே மடிந்து விழுந்தது.

யாரும் சாகவில்லை. மிஷின் ஓட்டுகிறவனுக்குத் தெரியாமல் ஒரு பைல் தலையும் அறுபடாது. அமீருலை ஆம்புலன்ஸில் ஏற்றியதும், நவமணி மிஷினில் ஏறி, தீபனைச் சட்டையைப் பிடித்துக் கீழே இழுத்துப் போட்டாள்.

தலைக்கவசத்தால் அடித்தாள். அது உடைந்ததும் கையால் அடித்தாள். உதடு கிழிந்தது, கண் வீங்கியது. அவன் சுருண்டு கிடந்தான், அவள் விடவில்லை.

"ஏண்டா சொல்லல? ஏண்டா சொல்லல, நாயே?"

"சொன்னா என்ன பண்ணுவே? இதத்தானே பண்ணுவே!" தீபன் ரத்தத்தைத் துப்பினான். "அடி, கொல்லு! நானா கண்டுபிடிச்சேன் இந்த வேலைய? மாமாதான்கா கத்துக்குடுத்தாரு! அன்னைக்கு அந்தப் பாலத்துலயும் தலைய வெட்டச் சொன்னது மாமாதான்! மாமாதான்கா!"

ஓங்கிய கை அப்படியே நின்றது. ஆற்றுத் தண்ணீர் இரும்பில் மோதுகிற இரைச்சலில் அவள் ஒருத்திக்கு மட்டும்தான் அது கேட்டது. அவள் நினைத்தால் அதை அங்கேயே புதைத்திருக்கலாம்.

அமீருல் மாவுக்கட்டோடு திரும்பி வந்த அன்றைக்குக் கேபினில் கூட்டம். அவன் காலை இன்னொரு நாற்காலியில் நீட்டியிருந்தான். தீபன் வாசலோரம் நின்றான். முகத்தில் பச்சையும் மஞ்சளுமாக வீக்கம் வடிந்துகொண்டிருந்தது.

"யாரு செஞ்சதுன்னு இங்க கேக்க மாட்டோம்," என்றாள் விமலா. "என்ன நடந்துச்சு, அடுத்து என்ன செய்யலாம். அத மட்டும் பேசுவோம்."

"நான் யாருன்னுதான் சொல்லப் போறேன்," என்றாள் நவமணி. "மேடம், உங்க ஒப்பந்தம் இந்தக் கேபின் வாசலோட நின்னுபோச்சு. வெளிய என் ஒப்பந்தம்தான் நடந்துச்சு. தப்புன்னா தோல உரிப்பேன்னு சொல்லி வச்சிருந்தேன். அதுக்குப் பயந்துதான் தலைய வெட்டி மறைச்சானுங்க."

அமீருல் பக்கம் திரும்பினாள்.

"அந்தப் பாலத்துலயும் அதான் நடந்திருக்கு. வெட்டச் சொன்னது என் புருசன். எனக்கு இப்பத்தான் தெரியும். நான் உன்னய அடிச்சேன்."

குனிந்து, சேறு காய்ந்த பூட்ஸைக் கழற்றி, அமீருலுக்கு முன்னால் மேசை மேல் வைத்தாள்.

"அடி. வாப்பாவக் கூப்பிட்டு முன்னால நிக்க வச்சுக்கிட்டே அடி."

அமீருல் பூட்ஸைப் பார்த்தான். அவன் கண் கலங்கியிருந்தது.

"அன்னைக்குச் சுவரு உள்ள தள்ளிக்கிட்டு நின்னத நான் காலையிலயே பாத்தேன்கா. சொன்னா என் தலையில கட்டுவாங்கன்னு பேசாம இருந்துட்டேன். அதான் நின்னு வாங்குனேன்." பூட்ஸை அவள் பக்கம் தள்ளினான். "போட்டுக்குங்க. தண்ணி ஏறுறதுக்குள்ள, மிச்சம் நிக்கிறதுல எது எது குட்டைன்னு பாத்துருவோம். எது எதுன்னு தீபனுக்குத்தான் தெரியும்."

நவமணி பூட்ஸை மாட்டிக்கொண்டு எழுந்தாள். வாசலுக்குப் போய், "வாடா, வந்து காட்டு" என்று தம்பியின் தோளைத் தொடக் கையை நீட்டினாள்.

தீபன் இரண்டு கையாலும் தலையைப் பொத்திக்கொண்டு, சுவரோடு சுவராகக் குனிந்து உட்கார்ந்துவிட்டான். நீட்டிய கையை எங்கே வைப்பது என்று தெரியாமல், அத்தனை பேர் பார்க்க, நவமணி நின்றாள்.